பாளையங்கோட்டை ஞாயித்துக்கிழமை சைக்காலஜி வகுப்பு: தீவிரவாதம், ஒடம்பு, ஓட்டு (போயிட்டு வந்தவ எழுதுன ரிவ்யூ)

மொதல்லயே சொல்லிருதேன், அஞ்சுக்கு நாலரை ஸ்டார். அரை எதுக்குக் கொறைச்சேன்னு கீழ வரும்.

முருகன்குறிச்சி ஸ்டாப்புல எறங்கி நடக்குற தூரத்துல ஒரு பழைய வீட்டு மாடி. ரிட்டயர்டான சைக்காலஜி ப்ரொபசர் மேடம் ஒருத்தவ ஞாயித்துக்கிழம சாயங்காலம் நடத்துதாவ. போர்டு கெடையாது, நோட்டீஸ் கெடையாது, ஆளுக்கு ஆளு சொல்லித்தான் வாராவ. மாசம் ஐநூறு ரூவா, காலேஜ் பிள்ளையளுக்குப் பாதி, கட்ட முடியாதவங்ககிட்ட கேக்கறதே இல்ல. ஒரு பேட்ச்சுக்கு ஒரே ஒரு ஆராய்ச்சியாளர எடுத்து வச்சுக்கிட்டு ஆர அமர படிக்காவ, அதுதான் இந்த வகுப்போட ஸ்பெசலே. நான் போன பேட்ச்ல எடுத்தது டஃப்னா கனெட்டி. இஸ்ரேல்ல ஹைஃபா யூனிவர்சிட்டில அரசியல் அறிவியல் ப்ரொபசர். குண்டுக்கும் ராக்கெட்டுக்கும் நடுவுல வாழுற சனங்களுக்கு மனசும் ஒடம்பும் என்ன ஆவுது, அப்படி ஆனதுக்குப் பொறவு அவங்க அரசியல் எந்தப் பக்கம் திரும்புது, இதத்தான் அவங்க வருசக்கணக்கா ஆராய்ச்சி பண்ணுதாவ.

நான் நாங்குநேரி பக்கத்துல ஒரு ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். 2023 ஆகஸ்ட்ல ஒரு ப்ளஸ் டூ பையனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படிச்ச பயலுவளே வீடு புகுந்து வெட்டுனது எல்லாருக்கும் தெரியும்லா, அதுக்குப் பொறவு அரசாங்கம் ரிட்டயர்டான நீதிபதி சந்துருவ வச்சு ஒருநபர் கமிட்டி போட்டு 2024 ஜூன்ல ரிப்போர்ட்டும் வந்துச்சு, கயிறு கட்டக்கூடாது பொட்டு வைக்கக்கூடாதுன்னு பேச்சு பூரா அதுலயே போச்சு, ஆனா அந்த வாரம் எங்க க்ளாஸ்ல உக்காந்திருந்த மத்த பிள்ளைய, வெட்டுப்பட்டவன் சாதிக்காரப் பிள்ளையும் வெட்டுனவன் சாதிக்காரப் பிள்ளையும், ராத்திரி தூங்குதா, சோறு எறங்குதா, பஸ்ல ஏறும்போது யாரப் பாத்து ஒதுங்குதுன்னு ஒருத்தரும் கேக்கல. அத யாரு படிச்சிருக்கா, எங்கன படிச்சிருக்கான்னு தேடிக்கிட்டு இருந்தப்பதான் எங்க ஊரு வில்லேஜ் ஹெல்த் நர்ஸ் அக்கா இந்த வகுப்பப் பத்திச் சொன்னாவ.

மேடம் சொல்லித்தர்ற விதம் ரொம்பப் பிடிச்சுது. முதல் வகுப்புல வெள்ளப் பலகைல நாலு கட்டம் போட்டாவ. தாக்குதல நேர்ல பட்டது, மனசு கெடுறது, அடுத்தவன் நமக்கு ஆபத்துன்னு தோணுறது, அவன ஒதுக்கணும்னு நெனைக்கிறது. நடுவுல அம்புக்குறி. கனெட்டியும், கூட வேல பாக்குற ஹாப்ஃபால்ங்கிற சைக்காலஜி ஆராய்ச்சியாளரும், இன்னும் ரெண்டு பேரும் சேந்து 2009ல போட்ட கட்டுரையோட எலும்புக்கூடு இம்புட்டுதான்னாவ. யூத இஸ்ரேலியர்ட்ட எடுத்த சர்வே அது. குண்டுவெடிப்புல மாட்டுனவன், மாட்டுனவனோட சொந்தக்காரன், இவங்களுக்கு அந்த நாட்டுலயே குடிமக்களா இருக்குற பாலஸ்தீனியர் மேல வெறுப்பு கூடுதான்னு பாத்தா கூடுது, ஆனா நேரா கூடல. இடையில தூக்கம் கெட்டு, நெஞ்சு படபடத்து, மனசு ஒடைஞ்சு, அதுல இருந்து எப்பவும் யாரோ அடிக்க வாராங்கங்கிற பயம் மொளச்சு, அந்தப் பயம்தான் கடைசில போய் "அவனுக்கு ஓட்டுரிமை எதுக்கு"ன்னு நிக்குது. எனக்கு இந்த நடுக்கட்டம் ரெண்டும்தான் மண்டைல அப்படியே நின்னுச்சு. ஏன்னா நாம எப்பவும் முதல் கட்டத்தயும் கடைசிக் கட்டத்தயும்தான் பேசுதோம். வெட்டு நடந்துச்சு, வெறுப்பு வந்துச்சு. நடுவுல ஒரு ஒடம்பு இருக்கு, அதுக்கு வைத்தியம் பாக்கலாம், பாத்தா அந்த அம்புக்குறி பலவீனமாகலாம், அங்கதான் நமக்குக் கைவைக்க எடமே இருக்கு.

அடுத்து எடுத்தது அதுக்கு முந்துன கட்டுரை, 2006. ரெண்டாவது இன்டிஃபாதா, அதாவது பாலஸ்தீனியர் ரெண்டாவது தடவ கிளர்ந்தெழுந்த நேரத்துல யூதர், அரபு குடிமக்கள் ரெண்டு பக்கமும் சேத்து 905 பேர்ட்ட போன்ல எடுத்தது. இதுல ஒரு விசயம் இருக்கு, வகுப்புல பாதிப்பேரு நம்பவே இல்ல. தாக்குதலுக்குப் பொறவு "நான் முன்னவிட தைரியமாயிட்டேன், சொந்தபந்தம் நெருக்கமாயிட்டு, வாழ்க்கைக்கு அர்த்தம் கெடச்சிட்டு"ன்னு சொல்லுறவங்க இருப்பாங்கல்லா, அவங்களுக்குப் பயத்தால வர்ற நோய் அறிகுறி கொறஞ்சிருக்கணும்னுதான நாம நெனப்போம். கொறையல, அந்த மாதிரி லாபம் சொன்னவங்ககிட்டயும் அறிகுறி கூடத்தான் இருந்துச்சு. அதோட அந்த அறிகுறி கூடுதலா இருக்குறவங்க, அதிகாரத்துக்கு அடங்கித்தான் போவணும், எங்காளுதான் ஒசத்தி, இப்படிப்பட்ட நெனப்புலயும் கூடுதலா இருந்தாவ. மேடம் இத வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் விட்டுட்டாவ, நாங்களே பேசட்டும்னு. எங்க பக்கம் ஒரு கொல விழுந்தா பதினஞ்சு நாள்ல ஒரு ஃப்ளெக்ஸ் ஏறும், வீரவணக்கம், சிங்கம், வேங்கை, ஊரே ஒண்ணுகூடி நிக்கும், பாக்குறதுக்குப் பலம் மாதிரி இருக்கும். அந்தப் பலத்துக்கு உள்ள தூங்காத பையன் ஒருத்தன் நிக்கான்னு இந்த ஒரு கட்டுரைய வச்சுப் பேச முடிஞ்சுது. வகுப்புக்கு வர்ற போலீஸ்காரர் ஒருத்தர், பந்தோபஸ்துக்குப் போயே பழகுனவர், அன்னைக்குத்தான் மொத மொதலா வாயத் தொறந்து தன் தூக்கத்தப் பத்திப் பேசுனாவ.

ஹாப்ஃபாலோட தியரி பத்தி ஒரு வகுப்பு பூரா போச்சு. மனுசனுக்கு இருக்குற வீடு, வேல, ஆளு, நம்பிக்க எல்லாமே யாவாரத்துல போடுற மொதப்பணம் மாதிரி, இழப்புதான் அடியோட வலிக்கும், வரவு அந்த அளவுக்கு இனிக்காது, ஏற்கனவே கொறச்சலா உள்ளவனுக்கு ஒரு இழப்பு அடுத்த இழப்ப இழுத்துட்டு வரும். 1989ல எழுதுனது. இது நல்லா இருந்துச்சு, ஆனா கொஞ்சம் நீட்டிட்டாவ.

எனக்கு இந்த பேட்ச்லயே பெருசாப் பட்டது, மேடம் ரெண்டு கட்டுரைய பக்கத்துல பக்கத்துல வச்ச நாள்தான். ஒண்ணு பொனான்னோங்கிற சைக்காலஜி ஆராய்ச்சியாளர் எழுதுனது. செப்டம்பர் 11 தாக்குதல் முடிஞ்சு ஆறு மாசத்துல நியூயார்க் பகுதி சனங்கள விசாரிச்சதுல 65 சதவீதம் பேர் ஒரு அறிகுறியோ அதுகூட இல்லாமலோ திடமாத்தான் இருந்தாவன்னு சொல்லுது. இத வாசிச்சா மனசுக்குத் தெம்பா இருக்கும், மனுசன் தாங்குவான்னு. பக்கத்துலயே ஹாப்ஃபால், கனெட்டி குழு அதே 2009ல போட்ட வேற ஒரு கட்டுரை. இஸ்ரேல்ல தாக்குதல் நிக்காம நடந்துக்கிட்டே இருக்குற காலத்துல ஒரே ஆட்கள திரும்பவும் போய்க் கேட்டதுல பாதிக்கு மேல நாள்பட்ட வேதனைலதான் கெடந்தாவ. ஏன் இப்படி வித்தியாசம்? நியூயார்க்ல நடந்தது ஒரு நாள் விசயம். பெரிய கொடுமை, ஆனா அன்னைக்கு முடிஞ்சுது, மறுநாள் ஆபீசு, தெரு, ரயில் எல்லாம் மெதுவாத் திரும்பி வந்துச்சு. இஸ்ரேல்ல அது முடியவே இல்ல, அடுத்த பஸ்ல இருக்குமோ அடுத்த கடைல இருக்குமோன்னுதான் காலமே போவுது. முடிஞ்சாத்தான் ஆறும், முடியாம ஆறாது.

நான் அப்பவே கை தூக்கிட்டேன். எங்க சரகத்துல பழிக்குப் பழின்னு ஒரு வரிசை இருக்கு மேடம், ஒரு கொலைக்கு ரெண்டு வருசங்கழிச்சு பதில் கொல, அதுக்கு ஒரு பதில், இதுல எந்த நாள "முடிஞ்ச நாள்"னு எண்ணுறதுன்னு கேட்டேன். "அதத்தான் டீச்சர் நீங்க ஸ்கூல்ல பாக்கணும், உங்க பிள்ளைய பொனான்னோவோட ஆளா, இந்தக் கட்டுரையோட ஆளான்னு"ன்னாவ. "தானா சரியாப் போவும்"னு நம்ம ஊர்ல பெரியவிய சொல்லுறது ஒரு நாள் விசயத்துக்குச் சரி. நிக்காத விசயத்துக்கு அது சரியில்ல, இத நான் இப்ப ஸ்டாஃப் ரூம்ல தைரியமாச் சொல்லுதேன்.

காசா பத்தியும் கேட்டோம், கேக்காம இருக்க முடியுமா. இஸ்ரேல் யூனிவர்சிட்டில இருந்து வர்ற ஆராய்ச்சி ஒரு பக்கத்துக்கு வலிக்கிறத மட்டும்தான் அளக்குமோன்னு ஒரு காலேஜ் தம்பி கொஞ்சம் கோவமாவே கேட்டான். மேடம் தட்டிக்கழிக்கல. மேற்குக் கரை, காசா, கிழக்கு ஜெருசலேம்ல 1,196 பாலஸ்தீனியர்கள விசாரிச்சு 2011ல வந்த கட்டுரைய எடுத்துப் போட்டாவ, அதுலயும் கனெட்டி பேரு இருக்கு. அதோட தலைப்பே தாங்குசக்திக்கு ஒரு எல்லை உண்டுங்கிறதப் பத்தினது, நாள்பட்ட வேதனைதான் அதுலயும் பெருசாத் தெரியுது. ரெண்டு பக்கமும் ஒரே அளவுகோல வச்சு அளந்ததாலதான் இவங்க வேலைய எடுத்தேன்னு சொன்னாவ. தம்பிக்கு முழு சமாதானம் இல்ல. பயத்த அளக்குறது வேற, யாரு யார ஆக்கிரமிச்சிருக்காங்கிறது வேற, ரெண்டாவது கேள்விக்கு இந்த மாதிரி சர்வேல பதில் வராதுன்னான். எனக்கு அது நியாயமாத்தான் பட்டுது, மேடமும் ஆமான்னுதான் சொன்னாவ.

இதே எடத்துல எனக்கும் ஒரு பெரிய கேள்வி இருந்துச்சு, அத இங்க எழுதியே ஆவணும். கோவப்படுறவன எல்லாம் மனசு சரியில்லாதவன்னு சொல்லிறக்கூடாது. 1999 ஜூலை 23ஆம் தேதி மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளிகளுக்காக கலெக்டர் ஆபீசுக்கு மனு குடுக்கப் போன ஊர்வலத்த போலீஸ் அடிச்சு வெரட்டி தாமிரபரணில 17 பேர் செத்தாவ. கைக்கொழந்தையும் அதுல ஒண்ணு. கூலி கேட்டது நோயா? செத்தவங்க வீட்டுக்காரங்க இன்னைக்கு வரைக்கும் கோவமா இருந்தா அது அறிகுறியா? மேடம் சொன்ன பதில் எனக்கு ஞாபகம் இருக்குற அளவுல இதுதான்: இந்தக் கட்டுரைகள்ல இருக்குறது சராசரிக் கணக்கு, ஒரு ஆள காட்டி "நீ பயத்துனால இப்படி ஓட்டுப் போடுத"ன்னு சொல்ல அதுல எடமே இல்ல. ரெண்டாவது, தீவிரவாதம் பண்ணுறவனே கூட பெரும்பாலும் பைத்தியம் இல்லங்கிறது ரொம்ப நாளா இந்தத் துறைல ஒத்துக்கிட்ட விசயம், தீவிரவாதத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ணுற மார்த்தா கிரென்ஷா 1981லயே அவங்ககிட்ட பொதுவா தெரியுறது அவங்க சாதாரண ஆளா இருக்குறதுதான்னு எழுதிட்டாவ. மூணாவது, நியாயம் கெடைக்காம வைத்தியம் மட்டும் குடுத்தா அது வாய அடைக்கிற வேல. இந்த மூணாவத அவங்க பலகைல எழுதி அடிக்கோடு போட்டாவ. இந்த ஒரு பதிலுக்காகவே நான் ஃபீஸ் கட்டுவேன்.

ஒடம்பு பக்கம் வரேன். சைபர் தாக்குதல் பத்தி 2017ல வந்த ஒண்ணு உண்டு. லேப்ல ஆட்கள உக்கார வச்சு அவங்க கம்ப்யூட்டர்ல அட்டாக் நடக்குற மாதிரி காட்டி, எச்சில் எடுத்து அதுல கார்டிசோல், அதாவது பதட்டத்துல ஒடம்புல கூடுற ஹார்மோன், எவ்வளவு இருக்குன்னு பாத்தாவ. ஒரு ரத்தம் கூடச் சிந்தல, ஆனா கார்டிசோல் ஏறிருச்சு. வகுப்புல வங்கி வேல பாக்குற அண்ணாச்சி ஒருத்தவ, டிஜிட்டல் அரெஸ்ட்னு போன் வந்து வயசானவிய ரெண்டு நாள் ரூமுக்குள்ளயே நடுங்கிட்டு இருந்த கதையச் சொன்னாவ. அது திருட்டு, இது தீவிரவாதம், ரெண்டும் ஒண்ணில்ல. ஆனா மெசினு வழியா வர்ற பயமும் ஒடம்புக்குள்ள நெசமான பயம்தான்னு புரிஞ்சுது.

அதவிட முக்கியம் எனக்கு பாஸ்டன். இது கனெட்டி இல்ல, ஹோல்மன், கார்ஃபின், சில்வர்னு மூணு பேர் 2014ல போட்டது, மேடம் பக்கபலமாச் சேத்துக்கிட்டாவ. 2013 ஏப்ரல் 15 பாஸ்டன் மாரத்தான்ல குண்டு வெடிச்சது, மூணு பேர் செத்தாவ. அதுக்கு அடுத்த வாரம் தினமும் ஆறு மணி நேரமோ அதுக்கு மேலயோ அந்தச் செய்திய டிவிலயும் நெட்லயும் பாத்துக்கிட்டே இருந்தவங்களுக்கு வந்த மன அழுத்தம், நேர்ல சம்பவ எடத்துல இருந்தவங்களவிடக் கூடுதலா இருந்துச்சு. நேர்ல இருந்தவன விட! இத நம்ம ஊருக்குப் போட்டுப் பாருங்க. எங்கயாவது வெட்டு விழுந்தா ஆம்புலன்சு வர்றதுக்கு முன்னாடி வீடியோ வந்துருது. சிசிடிவி காட்சி, அதுல ஸ்லோ மோசன், அதுல பாட்டு. எட்டாங்கிளாஸ் பையன் போன்ல அது இருக்கு, அவன் அம்மா குரூப்ல இருக்கு, எங்க டீச்சர்ஸ் குரூப்லயும் வருது, "ரொம்ப கொடூரம், பாக்காதீங்க"ன்னு எழுதி அனுப்புதாவ. களக்காட்டுல நடந்தத வள்ளியூர்ல இருக்குற பிள்ள அன்னைக்கு ராத்திரிக்குள்ள பத்து தடவ பாத்துருது. அந்தப் பிள்ளைக்கு எந்தப் பகையும் இல்ல, சம்பந்தமும் இல்ல, ஆனா மறுநாள் அது பக்கத்து பெஞ்சுல உக்காந்திருக்கவன வேற கண்ணால பாக்குது. நான் கண்ணால பாத்தேன். வீடியோவ நிப்பாட்டுறது ஒழுக்கம்னு மட்டும் நெனைக்காதீங்க, அது சுகாதார வேல, கொசு மருந்து அடிக்கிற மாதிரி ஊரு ஊரா பண்ண வேண்டிய வேல. எங்க ஸ்கூல்ல இப்ப இது பத்தி அசெம்பிளில பேசுதோம், பெத்தவங்க மீட்டிங்ல பேசுதோம், டீச்சர்ஸ் குரூப்ல அந்த மாதிரி வீடியோ வந்தா உடனே டெலீட் பண்ணச் சொல்லி ஹெச்செம்மே எழுதிட்டாவ.

ஹெல்த் நர்ஸ் அக்காவுக்குன்னே ஒரு வகுப்பு அமஞ்சுது. பாகிஸ்தான்ல அபோட்டாபாத்ல பின்லேடன் இருக்கானான்னு உறுதி பண்ண சிஐஏ ஒரு டாக்டர வச்சு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முகாம்னு ஒண்ணு நடத்துன கத. 2011ல அது வெளிய வந்ததும் ஊசி போட வர்றவ எல்லாம் உளவாளிங்கிற சந்தேகம் பலத்துருச்சு, 2012ல வடக்கு வசிரிஸ்தான்ல தாலிபான் போலியோ சொட்டு மருந்தையே தடை பண்ணுனாங்க, சொட்டு மருந்து குடுக்கப் போன பொம்பளைய பலபேரு சுட்டுக் கொல்லப்பட்டாவ. நம்ம நாட்டுல தானாப் பரவுற போலியோ வைரஸால (வைல்ட் போலியோ) வந்த கடைசி கேஸு 2011 ஜனவரில மேற்கு வங்காளத்துல ஹவுராவுல வந்தது, அதோட முடிஞ்சுது, அதுக்கு வீடு வீடாப் போன எத்தன அக்காக்க காரணம். அந்தக்கா கண்ணு கலங்கிட்டு. "எங்கள எல்லா தெருக்குள்ளயும் விடுதாங்க சார், போலீசக்கூட விட மாட்டாங்க, எங்கள விடுவாங்க"ன்னு அந்தப் போலீஸ்காரரப் பாத்துச் சொன்னாவ. அவரும் "ஆமாக்கா"ன்னாவ.

கொற என்னன்னா, கட்டுரை எல்லாம் இங்கிலீசு. மேடம் தமிழ்ல சுருக்கம் எழுதித் தாராவ, ஆனா பாதி வாரத்துக்குத்தான் கெடைக்குது, மீதி வாரம் ஜெராக்ஸு. அந்த டேபிள் எல்லாம் எறும்பு எழுத்து, கண்ணாடி போட்டவங்களால வாசிக்கவே முடியாது. கணக்குப் பகுதிய இன்னும் மெதுவாச் சொல்லணும், சராசரி, தொடர்பு, காரணம் இதெல்லாம் வேற வேறன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டுப் போயிட்டாவ. ஒண்ணோட ஒண்ணு சேந்து வருதுன்னா ஒண்ணுதான் இன்னொண்ணுக்குக் காரணம்னு ஆயிராதுங்கிறது இந்த ஆராய்ச்சில உயிர்நாடி, அதுக்கு ஒரு நாள் தனியா வேணும். இன்னொண்ணு, ஆறரைக்கு முடியணும், பேச்சு சூடாச்சுன்னா ஏழரை ஆயிருது, வண்ணாரப்பேட்டைக்கு ஓடி பஸ் புடிக்க வேண்டிய பொம்பளையளுக்குக் கஷ்டம். அந்த அரை ஸ்டார் இதுக்குத்தான். டீ நல்லா இருக்கும், கீழ் வீட்டுக்காரவங்க போடுதாவ, பாத்ரூம் சுத்தமா இருக்கு.

டீச்சர்ஸ், நர்ஸ், போலீஸ்ல இருக்குறவங்க, வக்கீலுக்குப் படிக்கிற பிள்ளைய, இவங்க கண்டிப்பாப் போவணும். பரீட்சைக்கு நோட்ஸ் வேணும்னு போனா ஏமாற்றமா இருக்கும். சொந்த வேதனைக்கு வைத்தியம் தேடிப் போறவங்களும் இத நம்பிப் போவாதீங்க, இது கவுன்சிலிங் இல்ல, மேடமே முதல் நாள் சொல்லிருதாவ. அதுக்கு டெலி மனஸ் 14416 இருக்கு, காசு கெடையாது, ராத்திரியும் எடுப்பாவ, தமிழ்லயே பேசலாம். 2022 அக்டோபர்ல ஆரம்பிச்சது, இன்னும் எங்க ஊர்ப்பக்கம் பாதிப்பேருக்குத் தெரியாது. நான் எங்க ஸ்கூல் சுவத்துல பெரிய எழுத்துல எழுதி வச்சிருக்கேன். முக்கியமா, ஊருல எதாவது நடந்த மறுநாள் காலைல நான் அட்டெண்டன்சு எடுத்ததும் கேக்குற முதல் கேள்வியே இப்ப "நேத்து தூங்குனியா"தான், யாரு மேல தப்பு, எவன் ஆரம்பிச்சான்ங்கிற பேச்செல்லாம் அதுக்குப் பொறவுதான்.

இத பெத்தவங்களுக்கு ஊருக்குள்ளயே வந்து நடத்தணும்னு மேடம்ட்ட கேட்டிருக்கேன். ரெண்டு தெருக்காரங்களும் ஒண்ணா உக்காருற எடம்னா வாரேன், ஒரு தெருவுக்கு மட்டும்னா வரமாட்டேன்னு சொல்லிட்டாவ. நாங்குநேரி, களக்காடு, வள்ளியூர் பக்கம் அப்படி ஒரு எடம் தரக்கூடியவங்க, ஸ்கூலோ நூலகமோ கல்யாண மண்டபமோ, யாரும் இருந்தா கீழ எழுதுங்க, நான் கூட்டிட்டு வாரேன்.